மறுக்கப்பட்ட மைதானம் – 11: ஒரு வாரப் பத்திரிகையும் உலகக் கோப்பையும்

சென்ற வாரம் இங்கிலாந்தில் நிறுத்தியிருந்தோம். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் குடிசன் பார்க் மைதானத்தில் டிக், கெர் ஆலைப் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டதையும், அடுத்த டிசம்பருக்குள் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்குப் பூட்டியதையும் பார்த்தோம். அதன் பிறகு பூட்டுகள் வரிசையாக விழுந்தன. 1941-ல் பிரேசில் சட்டமே போட்டது. 1955-ல் மேற்கு ஜெர்மனிச் சங்கம் தடை விதித்தது.

இந்த வாரம் டென்மார்க். அங்கே நடந்தது வேறு மாதிரி. டென்மார்க் கால்பந்துச் சங்கம் 1889-ல் தொடங்கியது. பிரிட்டனுக்கு வெளியே ஐரோப்பாவின் மூத்த சங்கங்களில் ஒன்று. பெண்கள் பந்து உதைப்பதை அது தன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. லீக் கிடையாது, தேசிய அணி கிடையாது, அதைப் பற்றிய பேச்சும் கிடையாது. தடை போட்டால் எதிர்த்துச் சண்டையாவது போடலாம். கண்டுகொள்ளாமல் விட்டால் யாரோடு மல்லுக்கட்டுவது?

ஆனால் ஆளில்லாத அந்த இடத்தில்தான் ஒரு கிளப் புகுந்துகொண்டது. ஒரு சங்கம் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் அது தன் தலையில் போட்டுக்கொண்டது. கடைசியில் நாட்டின் பெயரில் உலகக் கோப்பையையே தூக்கிக்கொண்டு வந்தது. அதன் பெயர் போல்ட்க்ளுப்பன் ஃபெமினா, சுருக்கமாக பி.கே. ஃபெமினா.

டேனிஷ் பெண்களுக்குப் பந்து புதிதல்ல. இன்று நாம் அறிந்த கைப்பந்தாட்டமான ஹேண்ட்பாலின் தாய்வீடுகளில் டென்மார்க்கும் ஒன்று. கோபன்ஹேகனை ஒட்டிய ஓர்ட்ரப் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஹோல்கர் நீல்சன் 1906-ல் அதன் விதிகளை அச்சிட்டார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது பெண்கள் தாராளமாக ஆடும் விளையாட்டாகிவிட்டது. 1962 உலகப் போட்டியில் டென்மார்க் பெண்கள் ருமேனியாவுக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தார்கள். ஊர் கைதட்டியது. ஆக, பெண்கள் ஓடுவதிலோ வியர்ப்பதிலோ முழங்கால் சிராய்ப்பதிலோ அந்த நாட்டுக்கு மனவருத்தம் இல்லை. பந்தைக் கையால் எறிகிற வரைக்கும் எல்லாம் சரி. காலால் உதைத்தால்தான் குற்றம். இந்த நியாயத்தின் தர்க்கம் என்ன என்று யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை.

1959-ல் கோபன்ஹேகனில் ஃபெமினா தொடங்கியபோது ஹேண்ட்பால் ஆடிப் பழகிய பெண்கள் அதில் இருந்தார்கள். பந்தின் திசையை ஊகிப்பது, வெற்றிடம் பார்த்து ஓடுவது, எதிராளியின் தோளுக்குப் பயப்படாமல் நிற்பது எல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்த வித்தை. காலைப் பழக்குவதுதான் பாக்கி.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். ‘ஃபெமினா’ டென்மார்க்கின் பெண்கள் வாரப் பத்திரிகை. கிளப்புக்குப் பின்னால் நின்று பெயரையும் கொடுத்தது அதுதான். பத்திரிகையின் பூர்வீகத்தைத் தேடினால் 1873-க்குப் போக வேண்டும். கார்ல் ஆலர், லௌரா ஆலர் என்ற தம்பதி அந்த ஆண்டு தையல் மாதிரிகள் தாங்கிய ஓர் இதழைத் தொடங்கினார்கள். வீட்டிலேயே துணி வெட்டித் தைக்கும் பெண்களுக்கானது அது. அந்தக் குடும்ப நிறுவனம்தான் பின்னாளில் ஸ்காண்டிநேவியாவின் பெரிய பத்திரிகைக் குழுமங்களில் ஒன்றானது. ஃபெமினா அந்த வழியில் வந்தது. கவுனுக்கு அளவெடுக்கச் சொல்லிக்கொடுத்த பரம்பரை, கால்பந்துச் சட்டைக்குப் பெயர் கொடுத்திருக்கிறது.

இதை வெறும் விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்கலாம். பத்திரிகைக்குப் பரபரப்பான செய்தி கிடைத்தது, கிளப்புக்கு ஆதரவு கிடைத்தது, கொடுக்கல் வாங்கல்தான். எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆண்கள் கால்பந்து விளம்பரப் பெயரைச் சட்டையில் ஏற்றவே தயங்கிய காலம் அது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் அணி ஒரு மதுபானத்தின் பெயரைச் சட்டையில் போட்டு பெரிய சர்ச்சையைக் கிளப்பியது 1973-ல்தான். அதற்குப் பதினான்கு வருடம் முன்பே டேனிஷ் பெண்கள் கிளப்பின் பெயரையே ஸ்பான்சரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். காரணம் எளிது. ஆண்கள் கிளப்புக்குச் சங்கம் இருந்தது, நகராட்சி மைதானம் இருந்தது, நுழைவுச்சீட்டு வருமானம் இருந்தது. இவர்களுக்கு ஒரு பத்திரிகை இருந்தது.

அறுபதுகள் பெரிய ஆரவாரம் இல்லாமல் கழிந்தன. அதற்குள் ஐரோப்பாவில் பல ஊர்களில் இதே மாதிரித் தனிக்காட்டுக் கிளப்கள் முளைத்திருந்தன. அவற்றை ஓரிடத்தில் கூட்டியது இத்தாலி.

1969 நவம்பரில் இத்தாலியில் நான்கு நாடுகளின் போட்டி ஒன்று நடந்தது: இத்தாலி, டென்மார்க், இங்கிலாந்து, பிரான்ஸ். டென்மார்க் என்று பலகையில் எழுதியிருந்தாலும் களத்தில் இறங்கியது ஃபெமினா. அரையிறுதியில் இங்கிலாந்தை 4-3 என்று மயிரிழையில் வென்றார்கள். டூரினில் நடந்த இறுதியாட்டத்தில் இத்தாலியிடம் 1-3 என்று தோற்றார்கள்.

டூரின்காரர்களுக்கு ருசி கண்டுவிட்டது. அடுத்த ஆண்டு தனி சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்றையே உருவாக்கி, ‘பெண்கள் உலகக் கோப்பை’ என்று அறிவித்தார்கள். செலவை ஏற்றது டூரின் பக்கத்து மார்ட்டினி அண்ட் ரோஸி, வெர்முத் என்னும் மூலிகை ஒயின் விற்கும் கம்பெனி. ஃபிஃபாவின் அனுமதி இல்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. 1970 ஜூலை 6 முதல் 15 வரை இத்தாலியின் பல நகரங்களில் ஆட்டங்கள். ஏழு அணிகள் ஆடின. செக்கோஸ்லோவாக்கியாவும் வர வேண்டியது, வந்து சேரவில்லை.

ஃபெமினா இந்த முறையும் டென்மார்க்காக வந்தது. போலோஞாவில் மேற்கு ஜெர்மனியை 6-1 என்று துவைத்தெடுத்தது. ஜெர்மனியில் பெண்கள் கால்பந்துத் தடை அப்போதும் அமலில் இருந்தது. அந்த அக்டோபரில்தான் நீங்கியது. ஆக, சொந்த நாட்டில் கூடாது என்ற ஆட்டத்தை ஆடத்தான் அந்த ஜெர்மன் பெண்கள் இத்தாலிக்கு வந்திருந்தார்கள். மிலான் அரையிறுதியில் இங்கிலாந்து 0-2 என்று விழுந்தது. ஜூலை 15, டூரின் கொமுனாலே ஸ்டேடியம், இறுதியாட்டம். எதிரே மறுபடியும் இத்தாலி. கூட்டம் 40,000 என்றும் 50,000 என்றும் கணக்குகள் மாறுபடுகின்றன. எதை எடுத்துக்கொண்டாலும் கோபன்ஹேகனில் ஃபெமினா பார்த்திருக்க முடியாத கூட்டம். எட்டு மாதத்துக்கு முன் தோற்ற அதே ஊரில் 2-0 என்று வென்றார்கள்.

ஒரு நகரத்துக் கிளப், ஒரு நாட்டின் பெயரில், உலக சாம்பியன். அந்த ஜூனில்தான் மெக்ஸிகோவில் பெலேயின் பிரேசில் ஆண்கள் கோப்பையை எடுத்திருந்தது. டென்மார்க் ஆண்கள் அந்தப் போட்டிக்குத் தகுதி பெறவே இல்லை. அவர்கள் முதன்முதலாக ஓர் உலகக் கோப்பையில் கால் வைத்தது 1986-ல். அந்த அணி உருகுவேயை 6-1 என்று நொறுக்கியது இன்றும் பேசப்படுகிறது. அதுவும் மெக்ஸிகோவில்தான். அந்த மண்ணில் ஒரு டேனிஷ் அணி ஏற்கெனவே பதினைந்து வருடம் முன்பே கோப்பை தூக்கியிருந்தது. அந்தக் கதைதான் இனி.

டூரின் கூட்டமைப்பு இரண்டாவது உலகக் கோப்பையை மெக்ஸிகோவுக்குக் கொடுத்தது. 1971 ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 5 வரை, ஆறு அணிகள். ஃபிஃபா முகம் சுளித்தது. மெக்ஸிகோ சங்கமும் தன் உறுப்பினர் கிளப்கள் மைதானம் தரக்கூடாது, தந்தால் அபராதம் என்று மிரட்டியது. ஆனால் மெக்ஸிகோ சிட்டியின் அஸ்டெகாவும் குவாதலஹாராவின் ஹலிஸ்கோவும் சங்கத்தின் கைக்குள் அடங்காத தனியார் ஸ்டேடியங்கள். நாட்டின் இரண்டு மிகப்பெரிய மைதானங்கள் பெண்களுக்குத் திறந்துகொண்டது இப்படித்தான். சங்கம் சின்ன மைதானங்களைத் தந்திருந்தால் சின்னப் போட்டியாகவே முடிந்திருக்கும்.

வியாபாரிகள் கையில் போனதால் அலங்காரமும் வியாபாரிகளுடையதாக இருந்தது. கோல் கம்பங்களுக்கு இளஞ்சிவப்பு வளையங்கள் பூசினார்கள். ‘சோசித்ல்’ என்று ஒரு சிறுமிச் சின்னம். பொம்மை, பேட்ஜ், கைப்புத்தகம் என்று எதிலும் அவள்தான். பெண்களின் ஆட்டத்தைவிட அழகை விற்பதில்தான் அமைப்பாளர்களுக்குக் கண் இருந்தது என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. நியாயமான விமர்சனம். ஆனால் டிக்கெட் வாங்கிய ஜனம் அழகு பார்க்க மட்டும் வந்ததா என்பது சந்தேகம். ஆட்டம் சுவைக்காவிட்டால் மூன்று வாரம் தொடர்ந்து அஸ்டெகாவை நிரப்ப முடியாது.

இந்த முறை டென்மார்க் அணி ஃபெமினாவோடு நிற்கவில்லை. மற்ற கிளப்களின் பெண்களும் சேர்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி சுசானே ஆகுஸ்டெசன். ஜீலாந்து தீவில் ஹோல்பெக் என்ற கடலோரச் சிற்றூரைச் சேர்ந்த பெண். வயது 15.

ஊரில் வேறு சலசலப்பும் நடந்துகொண்டிருந்தது. 1970 ஏப்ரலில் ‘செஞ்சாக்ஸ்’ பெண்கள் இயக்கத்தினர் கோபன்ஹேகனின் கடைவீதியில் விக்கும் செயற்கை மார்பகமும் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போய், எல்லாவற்றையும் நகரமன்றச் சதுக்கத்தில் குப்பைத் தொட்டியில் வீசினார்கள். 1971 கோடையில் ஃபெமோ தீவில் பெண்களுக்கென்றே முதல் முகாம் நடந்தது. அதே கோடையில்தான் இந்தப் பெண்கள் மெக்ஸிகோவுக்கு விமானம் ஏறினார்கள். டென்மார்க்கின் பெண்ணுரிமை வரலாற்றை எழுதுகிறவர்கள் ஃபெமோவை விடாமல் சொல்வார்கள், அஸ்டெகாவைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். படித்த வட்டத்துக்குக் கால்பந்து மேல் எப்போதுமே ஓர் ஏளனம் உண்டு.

குவாதலஹாராவில் முதல் சுற்று. பிரான்ஸை 3-0 என்று வென்று, இத்தாலியோடு 1-1 என்று சமன் செய்து, அரையிறுதிக்குப் போனார்கள். அங்கே அர்ஜென்டினா. பயிற்சியாளரோ தகுந்த பூட்ஸோ இல்லாமல் மெக்ஸிகோ வந்து இறங்கிய அணி அது. ஆனாலும் ஆகஸ்ட் 21 அன்று இங்கிலாந்தை 4-1 என்று சாய்த்தது. நான்கு கோலையும் எல்பா செல்வா ஒருவரே அடித்தார். அர்ஜென்டினாவில் இன்று அந்தத் தேதி கால்பந்து வீராங்கனைகள் தினம். டென்மார்க்கிடம் மட்டும் அந்த வீரம் செல்லவில்லை: 5-0.

இன்னொரு பக்கம் மெக்ஸிகோ 2-1 என்று இத்தாலியை வீழ்த்தியிருந்தது. சொந்த ஊர் அணி இறுதியாட்டத்தில். நாடே கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில் மெக்ஸிகோ வீராங்கனைகள் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள்: இத்தனை டிக்கெட் விற்கிறதே, எங்களுக்கு என்ன? 20 லட்சம் பெசோ தர வேண்டும், இல்லையென்றால் ஆடமாட்டோம் என்றார்கள். தலையில் தூக்கி வைத்திருந்த பத்திரிகைகளே தூக்கிப் போட்டு மிதித்தன. தேசப்பற்று இல்லையா, பணத்தாசையா என்று வசை. கடைசியில் காசு எதுவும் கிடைக்காமலேயே களத்துக்கு வந்தார்கள். எதிரணியில் நின்ற டேனிஷ் பெண்களுக்கும் சம்பளம் கிடையாது. வெர்முத் கம்பெனி, ஸ்டேடியம், தொலைக்காட்சி, பொம்மை விற்றவர் என்று எல்லோரும் சம்பாதித்த அந்த மதியத்தில், பந்தை உதைத்த 22 பேர் மட்டும் இலவசம்.

1971 செப்டம்பர் 5. அஸ்டெகாவில் ஏறக்குறைய 1,10,000 பேர். மெக்ஸிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். டென்மார்க்கின் மிக உயரமான குன்றே 171 மீட்டர்தான். அந்த ஊர்ப் பெண்கள் இந்த மெல்லிய காற்றில் ஆட்டம் முழுக்க எப்படி ஓடுவார்கள் என்பதுதான் கேள்வி. ஸ்டேடியம் முழுக்க ஒரே நாட்டின் குரல். ஆனால் மைதானத்தில் கதை வேறாக ஓடியது. பதினைந்து வயது ஆகுஸ்டெசன் முதல் கோலைப் போட்டாள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. 3-0. அந்த மூன்றுக்கும் பந்து அந்த இளஞ்சிவப்பு வளையக் கம்பங்களுக்கு நடுவேதான் போனது. பதினான்கு மாதம் முன்பு பெலேயும் ஜெர்சினியோவும் கோல் அடித்த அதே புல்தரையில், ஓர் இறுதியாட்டத்தின் எல்லா கோல்களும் ஒரு பள்ளிக்கூட வயதுப் பெண்ணுடையவை.

பெண்கள் கால்பந்தின் கூட்டச் சாதனைப் பட்டியலில் இந்த ஆட்டத்தைத் தேடுங்கள். 1999 அமெரிக்க உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 90,185 இருக்கும். 2022-ல் பார்சிலோனா கேம்ப் நூவில் வந்த 91,648 பேர் ‘உலக சாதனை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அஸ்டெகா இருக்காது, இருந்தாலும் ஓரத்தில் ஒரு நட்சத்திரக்குறி போட்டு ‘அங்கீகாரமற்றது’ என்றிருக்கும். 1,10,000 பேர் வந்தார்கள் என்பதற்கு ஃபிஃபாவின் முத்திரை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. 2023-ல் ‘கோப்பா 71’ என்ற ஆவணப்படம் பழைய பிலிம் சுருள்களைத் தூசி தட்டி எடுத்த பிறகுதான் உலகில் பலர் இப்படியொரு போட்டி நடந்ததையே தெரிந்துகொண்டார்கள்.

ஊர் திரும்பியவர்களின் கதி நாட்டுக்கு நாடு மாறியது. இங்கிலாந்து என்ற பெயரில் போன, ஹாரி பேட் என்பவர் நடத்திய அணியும் ஃபெமினா மாதிரியே ஒரு கிளப்தான். தடை நீங்கிய பிறகும் அனுமதியில்லாமல் போய் ஆடினார்கள் என்று அந்த அணியினர் தண்டிக்கப்பட்டார்கள். டென்மார்க்கில் தண்டனை இல்லை. கையிலிருந்ததை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதற்கான அழுத்தம் மேலிருந்து வந்தது. 1971 நவம்பரில் யூஃபா தன் உறுப்பினர் சங்கங்களைக் கூட்டி, பெண்கள் கால்பந்தை அவரவர் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்றது. ஸ்காட்லாந்து மட்டும் எதிர்த்தது. இது ஞானோதயம் அல்ல. வெர்முத் வியாபாரியும் தொலைக்காட்சி முதலாளியும் லட்சம் பேரைத் திரட்டிவிட்டார்கள். விட்டால் தனி சாம்ராஜ்யமே எழும்பிவிடும் என்ற பயம். 1972-ல் டென்மார்க் சங்கம் பெண்கள் ஆட்டத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பதின்மூன்று வருடம் ஃபெமினா தனியாகச் சுமந்ததை அன்றைக்கு வாங்கி வைத்துக்கொண்டது.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. முறையான தேசியச் சாம்பியன் பட்டம் வந்தது, மாவட்டம் தோறும் அணிகள் வந்தன. சிற்றூர்ப் பெண்ணுக்கும் பக்கத்து மைதானம் கிடைத்தது. ஒரு கிளப்பால் ஒருக்காலும் செய்திருக்க முடியாத காரியம் இது. ஆனால் சங்கம் தன் பழைய கொள்கையையும் கூடவே கொண்டுவந்தது: கால்பந்து ஆடிக் காசு வாங்கக்கூடாது. ஆண்களுக்கே அந்தக் கட்டுப்பாடு 1978 வரை தளரவில்லை. ஸ்பான்சர் பெயரையே தன் பெயராக வைத்திருந்த ஒரு கிளப் அந்த வீட்டில் கொஞ்சம் கூச்சமான உறவினர்தான்.

ஆகுஸ்டெசன் காத்திருக்கவில்லை. எழுபதுகளின் நடுவில் இத்தாலிக்குப் போய்விட்டார். எந்த நாட்டு வியாபாரிகள் முதல் கோப்பையை நடத்தினார்களோ அதே நாட்டின் லீக்கில் இருபது வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஆடி, பல பருவங்களில் அதிக கோல் அடித்தவர் பட்டத்தை வாங்கினார். டென்மார்க்கின் மிகச் சிறந்த கோல் வேட்டைக்காரி தன் உச்சகாலத்தைக் கழித்தது அடுத்தவர் நாட்டில்.

சங்கத்தின் தேசிய அணிக் கணக்கு 1974-ல் தொடங்குகிறது. அதற்கு முன் டூரினில் ஆடியதும் அஸ்டெகாவில் ஆடியதும் அந்தப் பேரேட்டில் ஏறாது. 1979-ல் நேப்பிள்ஸில் இத்தாலியை 2-0 என்று வென்று டேனிஷ் பெண்கள் ஐரோப்பியப் போட்டி ஒன்றையும் எடுத்தார்கள். யூஃபா அதையும் ‘நம்முடையது அல்ல’ என்று ஒதுக்கிவிட்டது. ஏற்கெனவே ஜெயித்த கோப்பைகளை வைத்துக்கொண்டு, இன்னும் எதையும் ஜெயிக்காத நாடாகவே அதிகாரபூர்வ உலகில் டென்மார்க் நுழைந்தது. 2017-ல் ஐரோப்பிய இறுதியாட்டம் வரை போய் நெதர்லாந்திடம் 2-4 என்று தோற்றபோது, அதுதான் டேனிஷ் பெண்கள் எட்டிய மிகப் பெரிய உயரம் என்று செய்திகள் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். அதே ஆண்டு சம்பளத் தகராறில் அவர்கள் ஸ்வீடனுடனான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்துக்கே இறங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெக்ஸிகோ பெண்கள் 1971-ல் கேட்ட கேள்விதான்.

ஃபெமினாவுக்கு என்ன ஆனது? கதவு எல்லோருக்கும் திறந்த பிறகு அது பல கிளப்களில் ஒன்றாகிவிட்டது. ஆட்டத்தின் பலம் மெல்லத் தலைநகரை விட்டு ஜட்லாந்து தீபகற்பத்துக்கு நகர்ந்தது. முதலில் ரீபே, நாட்டின் மிகத் தொன்மையான ஊர். அதன் பிறகு வடகோடியில் யோரிங் என்ற சிறு நகரம். அங்கே 1966-லேயே ஃபார்ச்சுனா என்றொரு கிளப் தொடங்கியிருந்தது. உலகெங்கும் இருந்து சிறுவர் சிறுமியர் வந்து ஆடும் கோடைப் போட்டி ஒன்றை அந்த ஊரில் நடத்துவது, 2003-ல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் வரை ஏறி ஸ்வீடனின் உமெயோவிடம் இரண்டு ஆட்டங்களிலும் அடிவாங்கியது எல்லாம் ஃபார்ச்சுனாவின் கதை. அடுத்த வாரம் யோரிங் போகலாம்.

(தொடரும்)